வெற்றி எவர் கணக்கில்? பேஸ்பால் ரசிகர்கள் எழுதிய ஓர் அறிவு வரலாறு

1987ஆம் ஆண்டு அமெரிக்கப் பேஸ்பாலின் நேஷனல் லீக்கில், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காகப் பந்துவீசிய நோலன் ரையனுக்கு வயது நாற்பது. அவ்வாண்டு அந்த லீக்கில் ஒன்பது இன்னிங்ஸுக்கான சராசரி அடிப்படையில் மிகக் குறைந்த ஓட்டங்களை விட்டுக்கொடுத்தவர் அவரே, அச்சராசரி 2.76. ஸ்ட்ரைக் அவுட் முறையில் மிகுதியான மட்டையாளர்களை வெளியேற்றியவரும் அவரே; எண்ணிக்கை 270. ஆயினும் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதப்பட்டது 8 வெற்றி, 16 தோல்வி. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது அவருக்குக் கிட்டவில்லை.

ஒரே மனிதர், ஒரே ஆண்டு, ஒரே பதிவேடு. ஒரு வரி அவரைத் தலைசிறந்தவர் என்கிறது. மறுவரி அவரைத் தோற்றவர் என்கிறது. வரலாற்று மாணவர்களாகிய நாம் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல் இது. சான்றுகள் தம்முள் முரண்படும்போது எதை நம்புவது? அதற்கும் முன்பாக, அச்சான்றை உருவாக்கியவர் எவர், எக்கருத்தை மனத்திற்கொண்டு உருவாக்கினார்? இவ்வினாவைப் பேஸ்பாலில் விடாப்பிடியாக எழுப்பியவர்களுள் பெரும்பாலோர் பேராசிரியர்களோ அணி நிர்வாகிகளோ அல்லர், ரசிகர்கள். அவர்கள் வழியாக ஓர் அறிவுத்துறை உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு முதலில் ஒரு விளக்கம் தேவை. பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அணியின் கணக்கில் மட்டுமன்றி, இரு தரப்பிலும் தலா ஒரு பந்துவீச்சாளரின் தனிக்கணக்கிலும் எழுதப்படும். அவர் அணி ஓட்டங்கள் எடுக்காவிட்டாலும், களத்தில் நின்றவர்கள் பந்தைத் தவறவிட்டாலும் தோல்வி அவர் பெயரில் ஏறலாம். ஓவலில் 1971இல் இந்தியா வென்றது என்போம். அவ்வெற்றியைச் சந்திரசேகரின் தனிச்சொத்தாக எந்த அட்டவணையும் எழுதவில்லை. அதே ஆட்டத்தில் வெங்கட்ராகவனின் பந்தில் ஆலன் நாட்டை ஏக்நாத் சோல்கர் தாவிப் பிடித்ததற்கு ஆட்ட அட்டவணையில் சோல்கரின் பெயரும் இடம்பெறுகிறது. 27 டெஸ்ட் ஆட்டங்களில் 53 கேட்சுகள் பிடித்த அம்மனிதர் இல்லாதிருந்தால் நம் சுழற்பந்து நால்வரின் கணக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்ற வினா நமக்கு அந்நியமானதன்று. பேஸ்பால் ரசிகர்கள் அவ்வினாவை இறுதிவரை துரத்திச் சென்றார்கள் என்பதே வேறுபாடு.

பேஸ்பால் கணக்கேட்டின் வேரும் கிரிக்கெட்டில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 1824இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி சாட்விக் கிரிக்கெட் செய்தியாளராக இருந்து பேஸ்பாலுக்கு வந்தவர். ஓர் ஆட்டம் முழுவதையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கும் அட்டவணையை 1859இல் அவர் வெளியிட்டார். இன்றளவும் நாளிதழ்களில் வரும் அட்டவணைக்கு அதுவே முன்னோடி. அவர் வெறும் கணக்கர் அல்லர். கணக்கின் வழியாக ஆட்டத்துக்கு ஒழுக்கம் கற்பித்தவர். பந்துவீச்சாளர் நான்கு பந்துகளைத் தவறான இடத்தில் வீசினால் மட்டையாளர் இலவசமாக முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். இதனை வாக் என்பர். சாட்விக்கின் பார்வையில் இது பந்துவீச்சாளரின் பிழையே அன்றி மட்டையாளரின் திறமை அன்று. நமது வைடு பந்தின் ஓட்டம் மட்டையாளர் கணக்கில் சேராததைப் போன்றதே இது. ஆகவே மட்டைச் சராசரியில் வாக்குக்கு இடமில்லை. 1887ஆம் ஆண்டில் மட்டும் அதனை அடித்த பந்துக்கு நிகராக எண்ணினர். அடுத்த ஆண்டே கைவிட்டனர். பொறுமையாக நின்று தீய பந்துகளை விட்டுவிடும் ஆட்டக்காரரின் உழைப்பு, அதன்பின் நெடுங்காலம் எவர் மதிப்பீட்டிலும் முழுமையாக இடம்பெறவில்லை. ஒரு தனிமனிதரின் அறநோக்கு, வகைப்பாட்டு விதியாக உறைந்து, பின்னர் இயற்கை உண்மை போலத் தோற்றம் கொண்டது.

இதை எதிர்த்த குரல்கள் எழாமல் இல்லை. பேஸ்பால் மேகசின் என்னும் இதழின் ஆசிரியராக இருந்த எஃப். சி. லேன், 1916இல் மட்டைச் சராசரியின் அடிப்படையையே சாடினார். சட்டைப் பையில் எவ்வளவு பணம் உள்ளது என்று கேட்டால், இத்தனை நாணயங்கள் என்று மட்டும் ஒருவர் விடை கூறுவது போன்றது அச்சராசரி என்பது அவர் வாதம். ஒரு தளம் கடக்கும் அடியும் நான்கு தளமும் கடக்கும் ஹோம் ரன்னும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ஆலன் ராத் என்பவரை முழுநேரப் புள்ளியியலாளராக அமர்த்தினார். நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சனை மேஜர் லீக்கில் ஆடவைத்தவரும் அதே ரிக்கிதான். அதுவும் அதே ஆண்டில்தான். ஆனால் ராத்தின் ஏடுகள் அணி அலுவலகத்துக்கு உரியவையாகவே இருந்தன. அவை விவாதத்துக்குரிய பொது அறிவாக மாறவில்லை.

அம்மாற்றம் 1970களில் நிகழ்ந்தது. 1971 ஆகஸ்டில் கூப்பர்ஸ்டவுனில் பதினாறு பேர் கூடி அமெரிக்கப் பேஸ்பால் ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினர். 1977இல் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், பன்றி இறைச்சியும் அவரையும் டப்பாக்களில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டிருந்த பில் ஜேம்ஸ், தம் செலவில் ஒரு சிறு நூலை அச்சிட்டு விற்றார். முதலாண்டில் விற்றவை எழுபத்தைந்து படிகளே. அதன் உள்ளடக்கத்தில் இருந்த எண்களைக் காட்டிலும் அவர் கேட்ட கேள்விகளே முக்கியமானவை. களத்தடுப்பாளரைப் பிழைகளின் எண்ணிக்கையால் அளப்பது அன்றைய வழக்கம். ஜேம்ஸ் கேட்டார்: பந்தை எட்டவே எட்டாதவர் பிழை செய்ய வாய்ப்பே இல்லையே? ஓடிச்சென்று தொட்டுத் தவறவிட்டவர் குற்றவாளி, ஓடாமல் நின்றவர் நல்லவர் என்றால் அக்கணக்கு எதை அளக்கிறது? 1980இல் இவ்வகை ஆய்வுக்குச் சேபர்மெட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். ஆய்வுக் கழகத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துகளிலிருந்து பிறந்த சொல் அது.

கேள்வி எழுந்தவுடன் ஆவணச் சிக்கலும் எழுந்தது. ஒவ்வொரு பந்தின் விவரமும் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே 1984இல் ரசிகர்கள் தாமாகவே ஊர்தோறும் அமர்ந்து ஆட்டங்களைக் குறித்துத் தொகுக்கும் ஒரு திட்டத்தை ஜேம்ஸ் முன்னெடுத்தார். 1989இல் டெலாவேர் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் ரெட்ரோஷீட் என்னும் அமைப்பைத் தொடங்கி, பழைய ஆட்டங்களின் குறிப்பேடுகளைத் திரட்டி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஆவணக் களஞ்சியமாக்கினார். நிறுவனம் திறக்க மறுத்த ஆவணத்துக்கு மாற்றாக மக்கள் உருவாக்கிய ஆவணகம் என்று இதனைக் கூறலாம். ஆவணகத்தின் வாயிலில் அனுமதிக் கடிதத்துடன் காத்திருந்த பட்டறிவு உள்ள எவருக்கும் இதன் பொருள் விளங்கும்.

பந்துவீச்சாளர் பற்றிய கருத்தைத் தலைகீழாக்கியது 2001இல் வெளிவந்த ஒரு கட்டுரை. எழுதியவர் வோரோஸ் மெக்ராக்கன். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிந்த ரசிகர். அவர் பந்துவீச்சின் விளைவுகளை இரண்டாகப் பிரித்தார். ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் ஆகிய மூன்றிலும் களத்தடுப்பாளர்களுக்குப் பங்கு அரிது. அவை பெரிதும் பந்துவீச்சாளருடையவை. மட்டையில் பட்டுக் களத்துக்குள் செல்லும் ஏனைய பந்துகள் வேறு வகை. அவற்றுள் எத்தனை பந்துகள் பிடிபடாமல் தப்பும் என்பதில் மேஜர் லீக் பந்துவீச்சாளர்களிடையே நிலையான வேறுபாடு மிகக் குறைவு என்று அவர் வாதிட்டார். தலைசிறந்தவரும் சாதாரணமானவரும் இவ்விடத்தில் ஏறக்குறைய ஒரே தரத்தவர்; எஞ்சியது களத்தடுப்பும் தற்செயலும்.

கேட்டவுடன் நம்ப முடியாத கருத்து இது. பெட்ரோ மார்ட்டினஸின் இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். 1999இல் அவர் பந்தில் களத்துக்குள் சென்ற அடிகளுள் ஏறத்தாழ 32 சதவீதம் பிடிபடாமல் தப்பின. 2000இல் அது ஏறத்தாழ 24 சதவீதமாகக் குறைந்தது. ஓராண்டில் ஒருவரின் திறமை இவ்வளவு மாறியிருக்க முடியுமா? அவருடைய கைக்கு முழுதும் உட்பட்டவற்றில் பெருமாற்றம் இல்லை: முதலாண்டில் 313 ஸ்ட்ரைக் அவுட், 37 வாக், அடுத்த ஆண்டில் 284 ஸ்ட்ரைக் அவுட், 32 வாக். இரண்டு ஆண்டுகளிலும் அவர் ஒப்பற்றவரே. மாறியது அவருக்குப் பின்னால் நிகழ்ந்தது. மெக்ராக்கனின் முடிவு பின்னர் பலரால் திருத்தப்பட்டது. சில பந்துவீச்சாளர்கள், குறிப்பாக நக்கிள்பால் வீசுவோர், களத்துக்குள் செல்லும் பந்துகளின் தன்மையையும் ஓரளவு கட்டுப்படுத்துகின்றனர் என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிவு. இருப்பினும் அவர் இட்ட பிரிவினை நிலைத்துவிட்டது. ஒருவருடைய விளைவில் அவருடையது எது, பிறருடையது எது என்று கேட்காமல் இன்று எவரும் ஒரு பந்துவீச்சாளரை மதிப்பிடுவதில்லை.

நிறுவனங்கள் மெல்ல இசைந்தன. 2002இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பில் ஜேம்ஸை ஆலோசகராக அமர்த்தியது. 86 ஆண்டுகளுக்குப் பின் 2004இல் அவ்வணி உலகத் தொடரை வென்றது. 2010இல் 13 வெற்றி, 12 தோல்வி பெற்ற ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்குச் சை யங் விருது கிடைத்தது. 2018இல் 10 வெற்றி, 9 தோல்வி பெற்ற ஜேக்கப் டிகிராமும் அதைப் பெற்றார். அவ்வாண்டு அவரது சராசரி 1.70. ரையனுக்கு 1987இல் மறுக்கப்பட்ட நியாயம் இவர்களுக்குக் கிட்டியது. வாக்களித்த செய்தியாளர்கள் சான்றைப் படிக்கும் முறை அதற்குள் மாறிவிட்டிருந்தது.

மறைந்திருந்த உழைப்பும் வெளிப்பட்டது. நடுவர் ஸ்ட்ரைக் என்று அறிவிக்கும் பந்து பந்துவீச்சாளரின் புகழாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஒவ்வொரு பந்தின் பாதையையும் கேமராக்கள் பதியத் தொடங்கிய பின், 2011இல் மைக் ஃபாஸ்ட் என்னும் ஆய்வாளர், எல்லையில் விழும் பந்தைக் கையுறை அசையாமல் வாங்கும் கேட்சர்கள் எத்தனை ஸ்ட்ரைக்குகளைப் பெற்றுத் தருகின்றனர் எனக் கணக்கிட்டுக் காட்டினார். மட்டையால் பெரிதாகச் சாதிக்காத ஹோசே மொலினா போன்ற கேட்சர்களின் மதிப்பு அப்போதுதான் எண்ணில் தெரிந்தது. அவர் ஆட்டக்காலம் ஏறக்குறைய முடியும் தறுவாயில் இருந்தது.

இதுவரை சொன்னது வெற்றிக்கதை. இத்துடன் நிறுத்தினால் வரலாறாகாது, விளம்பரமாகிவிடும். இவ்வறிவுக்கு இரண்டு எல்லைகள் உண்டு.

முதலாவது, எதிர்காலம். வளரும் ஆட்டக்காரர்களைக் கணிப்பது ரசிகர்களின் பெரும் விருப்பம். 1990 முதல் பேஸ்பால் அமெரிக்கா இதழ் ஆண்டுதோறும் நூறு நம்பிக்கைக்குரியவர்களின் பட்டியலை வெளியிடுகிறது. அடுத்த ஆண்டு, 1991இல், இளம் வீரர்களுக்கான டிராஃப்டில் நியூயார்க் யாங்கீஸ் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த பந்துவீச்சாளர் பிரையன் டெய்லர், ஒரு கைகலப்பில் தோளில் காயமடைந்து, மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. 1988இல் 62ஆம் சுற்றில் 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்ட மைக் பியாசா 2016இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். 2003இல் மைக்கேல் லூயிஸ் எழுதிய மணிபால் நூலில், எண்களின் துணையால் கண்டெடுக்கப்பட்டவராகக் கொண்டாடப்படும் ஜெரமி பிரவுன் ஆடிய மேஜர் லீக் ஆட்டங்கள் ஐந்து மட்டுமே. அதே நூல் 2002இல் 103 ஆட்டங்களில் வென்ற ஓக்லண்ட் அணியைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அவ்வணியின் ஹட்சன், மல்டர், ஸீட்டோ என்னும் மூன்று பந்துவீச்சாளர்களும் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். அவ்வாண்டு அவர்கள் மூவரும் வீசியவை 675 இன்னிங்ஸ்; அணியின் மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. அவர்களை வளர்த்தெடுத்ததில் ஊர் ஊராகச் சென்று பார்த்த திறன்தேடுநர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் பங்குண்டு. பந்துவீசும் இளைஞனை நம்பி எதிர்காலத்தைத் திட்டமிடாதே என்பது ரசிகர்களிடையே வழங்கும் கசப்பான பாடம். முழங்கையின் தசைநார் எப்போது அறுமென எந்தச் சராசரியும் சொல்லாது. 1974இல் டாமி ஜானுக்கு மருத்துவர் ஃபிராங்க் ஜோப் செய்த அறுவை சிகிச்சை இன்று வழக்கமாகிவிட்டது. அதன் தேவையோ குறையவில்லை.

இரண்டாவது எல்லை இன்னும் கனமானது. எண்ணியவற்றை எவ்வளவு நுட்பமாகப் படித்தாலும், எண்ணப்படாதவர்கள் அங்கே இல்லை. 1968-69இல் கூடிய ஒரு சிறப்புப் பதிவேட்டுக் குழு, எவையெவை மேஜர் லீக் என்று வரையறுத்தது. 1884இல் ஒரே ஓர் ஆண்டு நடந்து மறைந்த யூனியன் அசோசியேஷன் அப்பட்டியலில் இடம்பெற்றது. ரூப் ஃபாஸ்டர் 1920இல் தொடங்கிய நீக்ரோ நேஷனல் லீக்கோ, அதன்பின் வந்த கறுப்பின லீக்குகளோ இடம்பெறவில்லை. விலக்கப்பட்டவர்கள் தம்மளவில் ஆடினார்கள், வென்றார்கள், மக்கள் திரண்டு பார்த்தார்கள். ஆயினும் அட்டவணையில் அவர்கள் இல்லை. சாச்செல் பேஜ் 1948இல் கிளீவ்லாந்துக்காக மேஜர் லீக்கில் முதன்முதலாக வீசியபோது அவருக்கு வயது 42. அவ்வாண்டு 6 வெற்றி, 1 தோல்வி, சராசரி 2.48. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் அதிகாரபூர்வமான பதிவில் வெறுமையாக நின்றன. மட்டையாளர் ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 35 வயதில் இறந்தார்.

இவ்வெறுமையை நிரப்பியவர்களுள்ளும் ரசிகர்கள் முன்னின்றனர். லாரி லெஸ்டர் போன்ற ஆய்வாளர்கள் சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் முதலிய கறுப்பின இதழ்களின் நுண்படச் சுருள்களைப் பல்லாண்டுகள் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகத் தொகுத்தனர். 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பின லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி அளித்தது. 2024 மேயில் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரபூர்வமான பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் மட்டைச் சராசரியில் டை காப்பின் .367ஐக் கடந்து கிப்சனின் .372 முதலிடம் பெற்றது.

உடனே எழுந்த மறுப்பு நாம் எதிர்பார்க்கத்தக்கதே: அந்த லீக்குகளின் பருவங்கள் குறுகியவை, பதிவுகள் முழுமையற்றவை, ஒப்பீடு செல்லாது. பதிவுகள் முழுமையற்றவை என்பது உண்மை. ஆனால் அவை ஏன் முழுமையற்றவை? பருவங்கள் ஏன் குறுகின? எந்த விலக்கல் அக்குறையை உண்டாக்கியதோ, அதே விலக்கலின் விளைவைக் காட்டி மீண்டும் விலக்குவது எம்முறையில் நியாயம்? மறுபுறம், காப்பின் .367 முழுமையான எண்ணா? கறுப்பினப் பந்துவீச்சாளர் எவரும் லீக்கில் அனுமதிக்கப்படாத காலத்தில் ஈட்டப்பட்டது அது. அதன் அருகே எவரும் அடிக்குறிப்பு இட்டதில்லை. சான்றின் குறையை ஒடுக்கப்பட்டோரின் ஏட்டில் மட்டும் தேடும் பழக்கம் பேஸ்பாலுக்கே உரியதன்று. சாதி வரலாற்றிலும் தொழிலாளர் வரலாற்றிலும் பெண்கள் வரலாற்றிலும் ஆய்வு மேற்கொள்வோர், ஆய்வரங்குகளில் இவ்வினாவை எத்தனை முறை எதிர்கொண்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் ஓர் ஆய்வு மாணவன் தன் துறைக்கு வெளியே உள்ள இக்கதையில் இத்தனை நேரம் செலவிட வேண்டும்? என் ஆய்வேட்டின் இறுதி வடிவத்தைத் தயாரிக்கும் வேளையில் இதனைப் படித்தேன். அட்டையில் ஒரு பெயர்தான் வரும், அது என்னுடையது. கையெழுத்துப் படியை வாசித்துக் காட்டிய முதியவர், கட்டுகளைத் தேடி எடுத்துத் தந்த ஆவணக ஊழியர், தம் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசிய பெண்மணி ஆகியோர் நன்றியுரையின் ஒரு பத்தியில் அடங்குவர். சிலருடைய பெயரை நான் கேட்டுக்கூட வைக்கவில்லை என்பதை இப்போது வெட்கத்துடன் உணர்கிறேன். வெற்றியைப் பந்துவீச்சாளரின் பெயரில் எழுதிய விதியும் பல்கலைக்கழகத்தின் விதியும் வெகுதொலைவில் இல்லை. மெக்ராக்கனின் பிரிவினையை என் முன்னுரையில் நானே செய்து பார்த்தேன்: எந்த முடிவு என் கையால் விளைந்தது, எது பிறர் கையால், எது தற்செயலால். முன்னுரை மூன்று பக்கம் நீண்டது.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். ரையனின் 8-16 இன்னும் ஏடுகளில் அப்படியே இருக்கிறது. எவரும் அதனை அழிக்கவில்லை, அழிக்கவும் கூடாது. அது ரையனின் திறமைக்குச் சான்றன்று. அவர் காலத்தவர் எதனை வெற்றி என்று நம்பினர் என்பதற்குச் சான்று. பழைய அட்டவணை பொய் என்று தூக்கி எறிபவரும், அச்சில் உள்ளது மெய் என்று மேற்கோள் காட்டுபவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். அட்டவணையைப் பயன்படுத்தும் மாணவ நண்பர்கள் அதன் எண்களுக்குச் செல்லுமுன் அதன் தலைப்பு வரியைப் படியுங்கள்: எவற்றுக்குக் கட்டம் போட்டார்கள், எவற்றுக்குப் போடவில்லை, அந்த முடிவை எடுத்தவர் எவர். காலனிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பாயினும், நில வரிப் பதிவேடாயினும், ஆலை வருகைப் பதிவாயினும் வேலை அங்கிருந்தே தொடங்குகிறது.